ஆறு நாள் படித்த ஒரே வசனம்

பத்திர எழுத்தர் ஒருவரிடம் பிழை பார்ப்பது என் வேலை. திருப்போரூர்ப் பக்கம் விற்கிற மனைகளின் நாலு எல்லையும் என் கண்ணைத் தாண்டித்தான் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகும். பழகிய வரியைக் கண் முழுசாகப் படிப்பதில்லை. பாதியைப் பார்த்ததுமே மீதியை மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். அதனால் நான் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிப்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

புதுப்பட்டினத்து வீட்டில் அது செல்லாது. "நான் சொல்றத என்னிக்காச்சும் காதுல வாங்கிக்கினீங்களா?" என்பாள் மனைவி. அவள் சொல்வது ஒன்றுதான்: கருங்குழியில் இருக்கும் என் அண்ணனோடு நான் பேச வேண்டும். தன் மகளின் நிச்சயதார்த்தப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார் அண்ணன். நானும் போகவில்லை. ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை.

யார் காதில் எது ஏறுகிறது என்று பார்த்துவிடலாம் என எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. சாயங்கால ஜெபத்தில், நாளுக்கொரு பைபிள் வசனம் போட்ட காலண்டரின் அன்றைய தாளை நான்தான் வாசிப்பேன். திங்கட்கிழமைத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். செவ்வாயும் அதையே வாசித்தேன், புதனும் அதையே. கல்லூரிக்குப் போகும் மகள் போனைத் தடவிக்கொண்டே ஆமென் சொன்னாள். மனைவி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். வாய் வாசித்துக்கொண்டிருக்க, நான் அவர்கள் முகத்தையே பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் குட்டை உடைக்கலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"திங்கக்கெழமலேர்ந்து அதையே படிச்சிகினு கீறீங்க. எனக்குத் தெரியாதா? வாய் தொறந்து சொல்ல வெக்கம், அதான் வசனத்த வெச்சி சொல்றீங்கன்னு புரிஞ்சிகினேன். காலைலயே உங்க அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். நாளைக்கி வர்றாரு."

"இன்னாது?" என்று தாளைப் பார்த்தேன். ஆறு நாளில் முதல் தடவையாகப் படித்தேன். சகோதரனோடு மனஸ்தாபம் இருந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிற வசனம்.

ஊரார் பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகினால் பிடிப்பவன் நான். ஆண்டவர் என் வாயாலேயே ஆறு நாள் சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் ஏறியிருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ராத்திரி சாப்பிடும்போது இரண்டு தடவை வாயெடுத்தேன். அவளோ, என் அண்ணனுக்குப் பிடித்த மீன் எது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வஞ்சிரம் என்றேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"ஆறு நாளா என்னிய நெனச்சி வசனம் படிச்சிகினு இருந்தியாமேடா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஆமாண்ணா" என்றேன். கோயிலிலிருந்து வந்து கால்கூடக் கழுவாமல் சொன்ன பொய். அவர் என் தோளில் கை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது பொய்யில்லை.