தப்பு நோட்டு

கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், சேர்த்து வைப்பாள். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த கோபம் ஒன்று அவளிடம் இருந்தது.

பிள்ளைகள் போடும் தப்புக் கணக்குகளை அவள் பதினோரு வருஷமாக ஒரு நோட்டில் எழுதிவந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகாமல், அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதை எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டு, அது சொன்னதை அப்படியே குறித்துவைப்பாள். ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் இருபத்தாறு என்ற பிள்ளை, மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறது. தப்புக்குள்ளும் ஒரு நியாயம் இருந்தது.

பக்கத்து வகுப்பு வாத்தியாருக்கு ஆசிரியர் அறையில் 'மைக்செட்' என்று பேர். "ஒரு வாரம் குடுங்க டீச்சர், படிச்சுட்டுத் தர்றேன்" என்று அவர்தான் அந்த நோட்டை வாங்கிப்போனார். கேட்டபோதெல்லாம் "வீட்ல இருக்கு" என்றார். பிறகு, "வீடு மாத்தும்போது எங்கயோ தொலைஞ்சுபோச்சு" என்றார். அடுத்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பயிற்றுநர் ஆகிவிட்டார்.

நோட்டு போய் நாலு வருஷம் கழித்து, கணக்கு ஆசிரியர்களுக்கான கட்டாயப் பயிற்சிக்கு அவளும் போனாள். பயிற்சி என்றால் வழக்கமாக இரண்டு கையெழுத்து, ஒரு டீ, பின்வரிசையில் மடியில் வைத்துத் திருத்தும் விடைத்தாள். மேடையேறியவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். மைக்செட்! திரையில் ஐம்பத்திரண்டு, முப்பத்தெட்டு, இருபத்தாறு.

"பத்து வருஷமா என் வகுப்புல நானே கவனிச்சு எழுதினது" என்றார் அவர்.

அது அவள் நோட்டிலிருந்த கணக்கு. எழுந்து கத்தலாம்தான். யார் நம்புவார்கள்? கையில் ஒரு பக்கம்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் தசம எண்கள் வந்தன. "புள்ளி நாலு பெருசா, புள்ளி மூணு அஞ்சு பெருசான்னு கேளுங்க. புள்ளி நாலுன்னு சொல்லிட்டா, அந்தப் பிள்ளைக்குத் தசமம் புரிஞ்சிருச்சு!"

அவள் எழுதியதுதான். ஆனால் அது தப்பு. நோட்டு கைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தன் தப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு என்றுமே வந்ததில்லை. கையைத் தூக்கினாள்.

"சார், புள்ளி நாலுன்னு சரியாச் சொன்ன பிள்ளையே, புள்ளி மூணைவிடப் புள்ளி நாலு ஏழு சின்னதுங்குது. ஏன் சார்?"

"அது... கவனக்குறைவு."

"வகுப்புல ஆறு பேரு அப்படித்தான் சொல்றாங்க. ஆறு பேருக்குமா?"

மைக்செட் தண்ணீர் குடித்தார். முன்வரிசையில் இருந்த கல்வி அதிகாரி திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா."

"புள்ளிக்கு அப்புறம் எண் நீளமா இருந்தா சின்னதுன்னு அதுங்க நெனைக்குதுங்க. தப்பா யோசிச்சு, சரியான விடை சொல்லுதுங்க. இந்தப் பக்கத்தை எழுதினதே நான்தாங்க. தப்புன்னு தெரிஞ்சதும் சார்கிட்ட சொல்லியிருப்பேன். நோட்டுதான் தொலைஞ்சுபோச்சுன்னாரே!"

அறை குலுங்கச் சிரித்தது. பின்வரிசை அம்மா ஒருத்தர் விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு, "என் வகுப்புலயும் ஒருத்தி இப்படித்தான் சொல்றா. புரிஞ்சிருச்சுன்னே நெனச்சேன்" என்றார். இன்னொருவர் வேறொரு தப்பைச் சொல்ல, நாலு பேர் கரும்பலகைக்கே போய்விட்டார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் பயிற்சி என்று ஒன்று அன்றைக்குத்தான் நடந்தது.

மாதாமாதம் அவளே நடத்தவேண்டும் என்றார் அதிகாரி.

"நடத்துறேன். நோட்டு என் கைக்கு வரணும். சாரும் வரணும், கத்துக்கிறவரா, முதல் வரிசையில."

வந்தார். நோட்டுக்குப் புது அட்டை போட்டிருந்தார். அவள் அந்த அட்டையை அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டாள். பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் அவரைத்தான் கரும்பலகைக்குக் கூப்பிட்டாள். கைக்குட்டை நனைய நனைய எழுதினார்.

இரண்டாவது பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டு, "பாவம்டி, போதும், விட்டுடேன்" என்றாள்.

"விடுறதா? இன்னும் பின்னமே ஆரம்பிக்கலக்கா" என்றபடி, அடுத்த மாதத்துக்கான கேள்விகளை எழுத உட்கார்ந்தாள்.