மல்லாந்த ஆமை

அச்சுவேலியில் பெண்களுக்கான கைப்பணி நிலையம் ஒன்றில் ஆறு வருடம் மணி கோர்த்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தொண்டைமானாற்றிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே போய் நின்றபடியே திரும்புவேன். கண் எரியும், பிடரி வலிக்கும். ஆனாலும் எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

ஒரு வருடம், அழிந்துவரும் விலங்குகளின் உருவத்தில் மணிப் பதக்கங்கள் வேண்டுமென்று கொழும்புக் கடையொன்று கேட்டது. மாதிரி பிடிக்காவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மற்றவர்கள் படம் பார்த்துச் சிறுத்தையும் யானையும் கோர்த்தார்கள். ஆமைக்குப் படம் கிடைக்கவில்லை.

"நீர் கடற்கரை ஆள்தானே, உமக்குத் தெரியாததோ?" என்று பொறுப்பாளர் அக்கா அதை என் தலையில் கட்டினார்.

மூன்று நாள் மினக்கெட்டுச் செய்து கொடுத்தேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன, வயிறு மேலை கிடக்குது?"

"ஆமை அப்பிடித்தானே அக்கா கிடக்கும்?"

எங்கள் ஊரில் ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்த கையோடு மல்லாத்திப் போடுவார்கள், தப்பி ஓடாமல் இருக்க. உயிரோடு நான் பார்த்ததெல்லாம் மல்லாந்த ஆமைகள்தான். வெட்டிய பிறகு, ஆமை ஓடு வாங்குகிறவர் அதை அன்றே கொண்டுபோய்விடுவார். அதன் முதுகை யார் உற்றுப் பார்த்தார்கள்?

"திங்கக்கிழமை கொழும்புக்கு அனுப்பவேணும்" என்றார் அக்கா.

சனிக்கிழமை பின்னேரம் என் கணவர், வலையில் பட்ட ஆமையொன்றைக் கரையில் மல்லாத்திவிட்டுக் கத்தி எடுக்க வீட்டுக்குப் போனார். நான் மூச்சுப் பிடித்து அதைப் பிரட்டினேன். அது உடனே கடலைப் பார்த்து நகர்ந்தது. பக்கத்தில் தவழ்ந்தபடியே ஓட்டிலிருந்த கட்டங்களை எண்ணினேன். நடுவில் ஐந்து, ஒரு பக்கம் நான்கு. மற்றப் பக்கத்தை எண்ணி முடிக்கத் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறிக்க என் உடம்பில் தென்பு இல்லை.

"ஏனப்பா அதைப் பிரட்டினனீ?" கத்தியோடு வந்தவர் கேட்டார்.

"எத்தினை கட்டமெண்டு எண்ணினனான்."

அவர் கத்தியை மணலில் எறிந்துவிட்டு வலையை உதறப் போனார்.

அன்றிரவும் ஞாயிறு முழுக்கவும் கண் விழித்து, முதுகு தெரியக் கோர்த்த பதக்கம் கொழும்பில் பிடித்துப்போனது. நிலையம் மூடப்படவில்லை. நடந்தது அயலவர் வாயால் அக்காவின் காதுக்கு எட்டியது. அதன் பிறகு ஒவ்வோர் ஆமைப் பதக்கத்தோடும் ஒரு சீட்டு வைத்தார்: இதைச் செய்த பெண், பிடிபட்ட ஆமைக்கு இரங்கிக் கடலில் விட்டவர். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறுத்துப் பேசவும் அலுப்பாக இருந்தது.

அடுத்த மாதம் பிடிபட்ட ஆமையை நான்தான் கறி வைத்தேன்.