மாலையைப் புத்தகத்துக்குப் போட்ட மல்லிகா டீச்சர்

மல்லிகா டீச்சர் இறந்துவிட்டார். இன்று விடியற்காலை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்.

இந்தத் தடவை நிஜம். தயவுசெய்து யாரும் போன் பண்ணி "உண்மையா சார்?" என்று கேட்காதீர்கள்... என்னால் திரும்பத் திரும்பச் சொல்ல முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடவாசல் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் தமிழ், நான் கணக்கு. குத்தகை நிலத்தில் தனியாளாக விவசாயம் பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி டீச்சர் நாவல் எழுதினார். முதல் நாவல். பதிப்பகத்தார் அச்சடித்ததோடு சரி, விற்பது உங்கள் பாடு என்று கையை விரித்துவிட்டார்கள்.

"பேஸ்புக்ல ஒரு பேஜ் ஆரம்பிச்சுக் குடுங்க சார், நானே கூவி வித்துக்கிறேன்" என்றார். ஆரம்பித்துக் கொடுத்தேன். அட்மின் நாங்கள் இருவர் மட்டும்.

முதல் வேலையாக ஒரு போஸ்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிளெக்ஸ் கடையில் செய்யச் சொன்னார். அந்தக் கடைக்காரர் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் மட்டுமே டிசைன் போட்டுப் பழகியவர். டீச்சர் படத்தை நடுவில் பெரிதாக வைத்து, சுற்றிலும் பூ போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார். புத்தகத்தின் பெயர் கீழே பொடி எழுத்தில். "லட்சணமா இருக்கு" என்று டீச்சர் அதை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார்.

அப்புறமென்ன... பார்த்த இடமெல்லாம் ஆழ்ந்த இரங்கல். "நேத்துகூட பஸ்ல பாத்தேனே, நல்லாத்தானே இருந்தாங்க!"

மன்னார்குடியிலிருந்து அவருடைய பெரியப்பா வீட்டார் வேன் பிடித்து, ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்கள். டீச்சர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்! "அடிப்பாவி, உசிரோடதான் இருக்கியா!" என்று பெரியம்மா முதுகில் ஒரு போடு போட்டுவிட்டு, கட்டிக்கொண்டு அழுதார்.

டீச்சர் அந்த மாலையை வாங்கிப் புத்தகத்துக்குப் போட்டுப் படம் எடுத்தார். "கொண்டுவந்த மாலையத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாதாம், அதான்" என்று ஒரு வரி. எங்கள் பேஜில் அதிகம் பேர் ஷேர் செய்தது இன்றுவரைக்கும் அதுதான். வேனில் வந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தோடு திரும்பிப் போனார்கள்.

அப்புறம் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து ஒரு பேஸ்புக் லைவ். நெல்லைக் கொட்டிவிட்டு எடை போடும் வரை காத்துக் கிடப்பார்கள் அல்லவா, அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து வாசித்தார். வாய்க்கால் தண்ணீருக்காக அந்தப் பெண் மல்லுக்கு நிற்கும் இடம். பாதியில் நிறுத்திவிட்டார்.

தார்ப்பாயில் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். "ஏம்மா, அந்தப் பொண்ணுக்குத் தண்ணி வுட்டாங்களா இல்லியா?"

"வாங்கிப் படிங்க ஐயா."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

டீச்சர் லைவை நிறுத்தினார். அந்த அத்தியாயம் முழுவதையும் அவருக்காக வாசித்துவிட்டுத்தான் எழுந்தார்.

போன வருஷம் மார்பில் கட்டி என்று தெரிந்தது. தஞ்சாவூருக்கு கீமோ... முடி கொட்டியது. லைவில் முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார். "என்ன டீச்சர் முக்காடு?" என்று யாரோ கேட்டதற்கு "வெயிலு தாங்கல" என்று சிரித்தார். போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்ற நான் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடலாமே, நாலு பேர் கூடுதலாக வாங்குவார்களே என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது.

"பாவம்னு ஒருத்தரும் வாங்கக் கூடாது சார். வாங்கி அலமாரியில வச்சிருவாங்க. கத நல்லாருக்குன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், நான் எழுந்து உக்காந்துருவேன்."

அதனால்தான் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலையிலிருந்து இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது. புத்தகம் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்கும்... இருந்தபோது ஒரு லைக் போடக் கை வராதவர்கள். எரிச்சலாக வருகிறது. அழுகையும் வருகிறது. கேட்டவர்களுக்கு அனுப்புகிறேன். படிக்கப் போவதில்லை என்றால் மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று.

செய்தியைப் போடலாம் என்று கொஞ்சம் முன்பு எங்கள் பேஜைத் திறந்தேன். குறித்த நாளில் தானாக வெளிவரும்படி டீச்சர் ஷெட்யூல் செய்து வைத்த பதிவுகள் வரிசையாக நிற்கின்றன. தை அறுவடை வரைக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

நாளைக் காலை வரவேண்டியது இது: "என்ன, பாதி படிச்சிட்டு வச்சிட்டீங்களா? எந்த எடத்துல நின்னீங்கன்னு சொல்லுங்க, கோச்சுக்க மாட்டேன்."

டெலீட் செய்ய விரல் போனது... முடியவில்லை.

நாளை அது வரும். பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அதற்குக் கீழே மட்டும் யாரும் இரங்கல் போடாதீர்கள். படித்திருந்தால், எந்த இடத்தில் நின்றீர்கள் என்று எழுதுங்கள்.

போயிட்டு வாங்க டீச்சர். கமெண்டுக்கெல்லாம் நான் பதில் போட்டுக்கிறேன்.