நாற்பது வரை எண்ணுவது

என் வீட்டுக் கணினியின் ஓரத்தில் ஓர் அட்டைத் துண்டு தொங்குகிறது. மை வெளிறிவிட்டது. "'நிறுத்து' அழுத்தியபின் சுவிட்சைத் தொடாதீர்கள். கையில் உள்ளதை முடித்துவிட்டு அதுவே நிற்கும்." எழுதியவர் ஓசூரில் நாங்கள் 'கம்ப்யூட்டர் மேடம்' என்று அழைத்த பெண். எழுதியது எனக்காக.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பிரேக் வால்வு செய்யும் தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எதற்கு எந்தப் படிவம், எத்தனை நகல், யார் கையெழுத்து என்று தூக்கத்திலும் சொல்வேன். பாதிப் படிவங்கள் நான் பெற்றெடுத்தவை. காவேரிப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன மேடம் இன்னும் நிரந்தரமாகாதவர். வால்வுகளைச் சோதிக்கும்போது அழுத்தத்தைக் கணினியில் பதியும் புரோகிராம் அவர் எழுதியது. திரையில் நாம் பார்ப்பது ஒரு ஜன்னல். அதன் பின்னால் கண்ணில் படாமல், புரோகிராமின் தனி இழையாக ஓடுவது ஒரு திரெட். அளவெடுத்து ஃபைலில் எழுதுவது அந்தத் திரெட்டின் வேலை. மேடம் அதைப் 'பின்னாடி இருக்கறவன்' என்பார்.

ஒருநாள், வால்வு வாங்கும் நிறுவனத்தின் ஆய்வாளர் வாசலில் காத்திருந்தார். ஜன்னலை மூட 'நிறுத்து' பொத்தானை அழுத்தினேன். திரை வெளுத்து உறைந்தது. பின்னாடி இருப்பவன் கடைசி அளவை முடிக்கும்வரை அது பேச்சுமூச்சின்றிக் காத்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நாற்பது விநாடி போதுமாம். நான் இருபதிலேயே சுவிட்சை அணைத்தேன். காலையிலிருந்து எடுத்த அளவுகள் எல்லாம் பாழ்.

கெலவரப்பள்ளிக்காரரான ஆபரேட்டர் சிரித்தார்: "நம்ம சாரு டீ ஆறங்காட்டியும் குடிச்சி நாக்கச் சுட்டுக்கறவரு. மெஷினுக்கு மட்டும் பொறுப்பாரா?"

அறிக்கையில் 'புரோகிராம் கோளாறு' என்று எழுதினேன். பொய்யென்று சொல்ல முடியாது. சுவிட்சை அணைத்தது யார் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. படிவமும் என்னுடையதுதான்.

மேடம் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தார். "நிறுத்த எதுக்கும்மா இத்தனை சடங்கு? பின்னாடி இருக்கறவனக் கொன்னுட்டா ஆச்சு" என்றேன்.

"கொன்னா, அவன் தொறந்து வெச்சிருக்கற ஃபைல யாரு சார் மூடுவாங்க? 'போதும்ப்பா'ன்னு சொல்லி வெக்கணும். ஒவ்வொரு அளவும் முடிஞ்சதும், அப்படிச் சொல்லியிருக்காங்களான்னு அவன் பாப்பான். சொல்லியிருந்தா ஃபைல மூடிட்டு, 'முடிச்சிட்டேன்'னு சொல்வான். அப்பறம்தான் ஜன்னல் போகணும். அதுவரைக்கும் உறையாம, 'நிறுத்திட்டிருக்கேன்'னு திரையில காட்டணும். காட்டாதது என் தப்புதான் சார்."

தன் தப்பை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அடுத்தது என் முறை. நான் பேனாவைத் திறந்து மூடினேன்.

மறுவாரம் ஒரு பிற்பகலில் நிர்வாகத்திடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. என் அறிக்கையைச் சுட்டிக்காட்டி, இன்றோடு வேலை இல்லை என்றார்கள். வேலை போனவர் அதற்குமேல் கணினியைத் தொடக்கூடாது என்ற விதியும் நான் எழுதியதே. காவலாளி அருகில் வந்து நின்றார்.

"அரை மணி நேரம் குடுங்க சார். இத முடிச்சிட்டுப் போயிடறேன்" என்றார் மேடம்.

கொடுத்தேன். என் உத்தியோகத்தில் நான் மீறிய ஒரே விதி அது. அந்த அரை மணி நேரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், அறையின் ஜன்னலோரம் போய் வந்தேன். அறிக்கையைத் திருத்துவதற்கான படிவம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. மூன்று நகல், என் கையெழுத்து ஒன்றே போதும். இரண்டு முறை இழுத்தேன். இரண்டு முறையும் மூடினேன்.

மேடம் அட்டையை எழுதி, துண்டு ஒயரால் திரையோரம் கட்டினார். "இப்ப அமுக்குங்க சார்."

அமுக்கினேன். 'நிறுத்திக்கொண்டிருக்கிறது' என்று ஆங்கிலத்தில் வந்தது. மனத்துக்குள் எண்ணினேன். நாற்பதை நெருங்கும்போது ஜன்னல் சுத்தமாக மூடியது. ஃபைலில் ஓர் அளவும் குறையவில்லை. மேடம் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஓய்வுபெற்ற நாளில் நான் எடுத்து வந்தது அந்த அட்டையை மட்டும்தான். இன்றும் திரை உறைந்தால் கை சுவிட்சுக்குப் போகிறது. அட்டையைப் பார்த்துவிட்டு எண்ணத் தொடங்குகிறேன். இருபது வந்ததும், அணைத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். அறையில் வேறு யாரும் இருப்பதில்லை. மீதி இருபதையும் எண்ணி முடிக்கிறேன்.