மூன்று முறை இழுத்தால்...

பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்கள் சிலோவே தீவில் பேய்க்கப்பல் கதை கேட்காமல் வளர்ந்த குழந்தை கிடையாது. நானும் கேட்டேன். ஒன்றைக்கூட நம்பியதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. என் உள்ளங்கையில் நடந்தது. கயிறு அறுத்த தழும்பு இரண்டு கையிலும் இருக்கிறது.

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. பயத்தால் என்று நினைக்காதீர்கள். கோபத்தால்.

என் பெயர் ஓரியெட்டா. ‘ரோசா அமெலியா’ என்ற ஃபெர்ரியில் வேலை. லாரிகளையும் கார்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகிற படகு. வண்டிகள் ஏறி இறங்கும் இரும்புச் சாய்தளத்தை இறக்குவதும் ஏற்றுவதும் என் பொறுப்பு. நிபால்டோவை நான் முதலில் பார்த்தது அந்தச் சாய்தளத்தில்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அன்றே மழையில் வழுக்கி என் காலடியில் வந்து விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து எழாமலே, “உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டான். இப்போது ஆகிவிட்டது. அவனோடுதான்.

எங்கள் கம்பெனியில் பயிற்சி என்றால் ஒரு டிவி. கேன்டீன் மூலையில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு வீடியோ ஓடும். பாதியில் யாராவது கால்பந்துக்கு மாற்றிவிடுவார்கள். அத்தோடு நாங்கள் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள்.

சங்கம் சண்டை போட்டு, புவெர்டோ மோன்ட் நகரில் நடந்த ஒரு நிஜமான வகுப்பில் எங்களுக்கு ஓர் இடம் வாங்கியது. நான் போகிறேன் என்றேன். சூப்பர்வைசர் ரெமிஹியோ என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சாய்தளம் இறக்குறதுக்கு வகுப்பா? கேப்டன் ஆகப்போறியா?”

“உயிரோட வீட்டுக்குப் போகப்போறேன்ணே.”

லீவு தரவில்லை. சம்பளம் போனால் போகட்டும் என்று போனேன்.

அங்கேதான் முதன்முதலாக ஒருவர் சொன்னார். மூடிக்கிடக்கும் இரும்புத் தொட்டி துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் நல்ல காற்றைத் தின்றுவிடும். வாசனை வராது. கண் எரியாது. இறங்குகிறவன் இரண்டு மூச்சில் சரிவான். அவனைக் காப்பாற்றக் குதிக்கிறவன் அவன் மேலேயே சரிவான். ஃபெர்ரியின் அடிவயிறு முழுக்க அப்படிப்பட்ட தொட்டிகள்தான். அவற்றின் மேல் எத்தனையோ வருடம் நடந்திருக்கிறேன், பாட்டுப் பாடிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை!

கயிற்றின் பாஷையும் அங்கேதான் கற்றேன். இறங்குகிறவர் இடுப்பில் ஒரு முனை, மேலே நிற்பவர் கையில் மறுமுனை. மேலிருந்து ஓர் இழுப்பு என்றால், நன்றாக இருக்கிறாயா? கீழிருந்து ஓர் இழுப்பு, இருக்கிறேன். இரண்டு இழுப்பு, இன்னும் கொஞ்சம் கயிறு விடு. மூன்று இழுப்பு என்றால், தூக்கு. யோசிக்காதே, எட்டிப் பார்க்காதே, இறங்காதே. தூக்கு.

திரும்பி வந்து கேன்டீனில் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு ‘டீச்சரம்மா’ என்று பெயர். ரொட்டி வேண்டுமென்றால்கூட என் சட்டைக் கையை மூன்று முறை இழுத்துவிட்டுச் சிரித்தார்கள். ரெமிஹியோ மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த மாத்தே டீயை அப்படியே வைத்துவிட்டு மழைக்குள் எழுந்து போனார்.

திமிர் என்று நினைத்தேன்.

அது ஜூன் மாதம், எங்களுக்கு நடுக்குளிர்காலம். மறுநாள் இன்ஸ்பெக்ஷன். ஃபெர்ரியைக் கரையில் கட்டிப் போட்டிருந்தோம். வண்டித்தளத்தின் நடுவே உள்ள தொட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் மூடியைக் கழற்ற வைத்துவிட்டு ரெமிஹியோ சொன்னார்.

“நிபால்டோ, நீ இறங்கு. நீதான் ஒல்லி.”

“காத்து அளக்கிற மீட்டர் எங்கண்ணே?” என்றேன் நான்.

“பேட்டரி இல்ல.”

“உள்ள காத்து அடிக்கிற ஃபேன்?”

“ரிப்பேருக்குப் போயிருக்கு.”

“அப்போ அவர் இறங்க மாட்டார்.”

“அப்போ நாளையிலேர்ந்து புருஷனும் பொண்டாட்டியும் வீட்லயே உக்காந்து வகுப்பு நடத்துங்க.” மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். “ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன். வரும்போது அவன் உள்ள இருக்கணும்.”

அவர் போனதும் நிபால்டோ பூட்ஸ் வாரை இறுக்கினான்.

“அஞ்சு நிமிஷ வேலை ஓரி. இதுக்குப் போய் சண்டையா?”

“இறங்கினா நான் விதவை.”

“எல்லாரும் இறங்கியிருக்காங்கடி.”

“எத்தனை பேர் ஏறினாங்கன்னு கேட்டியா?”

கோபத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவனுக்குச் சொல்லிப் புரியாது, காட்ட வேண்டும் என்று தோன்றியது. கயிற்றுப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு பழைய ஆரஞ்சு நிறக் கயிறு கிடந்தது. அதன் ஒரு முனையில் நீலக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. தீயணைக்க வைத்திருக்கும் மணல் மூட்டை ஒன்றை மறுமுனையில் கட்டினேன்.

“இந்த மூட்டைதான் நீ. நான் மேல நிக்கறேன். பாத்துக்கோ.”

மணி நாலு பத்து. ஆனால் வண்டித்தளத்தில் ஏற்கெனவே இருட்டு. சால்மன் மீன் லாரிகள் விட்டுப்போன பழைய நாற்றம். கூரைத் தகட்டில் மழை கொட்டும் சத்தம். மூட்டையைத் தொட்டிக்குள் இறக்கினேன்.

தொட்டியின் ஆழம் ஒன்றரை ஆள் உயரம். அதற்குள் மூட்டை தரையைத் தொட்டிருக்க வேண்டும்.

கயிறு போய்க்கொண்டே இருந்தது.

“என்ன ஓரி, கடலுக்கே போயிடுச்சா?” நிபால்டோ சிரித்தான்.

ஒரு வழியாக நின்றது. கயிறு தளர்ந்தது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“இப்போ நான் ஒரு தடவை இழுப்பேன். நல்லா இருக்கியான்னு அர்த்தம். நீ நல்லா இருந்தா...”

இழுத்தேன்.

கீழிருந்து ஓர் இழுப்பு வந்தது.

நிபால்டோவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. “எங்கயாவது மாட்டியிருக்கும்டி.”

“மாட்டினா இழுக்காது. பிடிச்சுக்கும்.”

மறுபடி இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை.

பதில் இல்லை.

மழைச் சத்தம் நின்றிருந்தது. மழை நிற்கவில்லை. பக்கவாட்டுத் திறப்பு வழியாக அது கொட்டுவது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை...

கயிறு என் கையில் குளிர்ந்தது.

பிறகு வந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

“உள்ள யாரோ இருக்காங்க!” நிபால்டோ மண்டியிட்டான். தலையைத் தொட்டியின் வாய்க்குள் விட்டான். ஒரு காலையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டான். நல்ல மனசுக்காரன்... நல்ல மனசுக்காரர்கள்தான் அதற்குள் முதலில் சாகிறார்கள்.

அவன் காலரைப் பிடித்துப் பின்னால் எறிந்தேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

“இறங்காத! தூக்கு!”

“யாரோ மாட்டிக்கிட்டு...”

“தூக்குடா!”

இருவரும் சேர்ந்து இழுத்தோம். மணல் மூட்டையின் கனம் எனக்குத் தெரியும். அதைத்தான் சற்று முன் ஒரே கையில் தூக்கி வந்தேன்.

இது மூட்டையின் கனம் இல்லை.

ஆள் கனம்.

உள்ளங்கை கிழிந்தது. விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கீழே இரும்பில் ஏதோ உரசியது. பூட்ஸ் உரசுகிற மாதிரி...

“என்ன கூத்து இது?”

ரெமிஹியோ. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். “அவன் ஏன் இன்னும் வெளிய நிக்கிறான்?”

“அண்ணே, கயித்தப் பிடிங்க! தூக்கணும்!”

“உன் வகுப்ப என்கிட்ட வச்சுக்காத!” என்று எங்கள் இருவரையும் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பறித்தார். அதைத் தூக்கி எறியத்தான் பறித்தார்.

எறியவில்லை.

அவர் கையில் கயிறு அசைவதைப் பார்த்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. பிறகு... அவர் கைகள் மெல்லத் திறந்தன. கயிற்றைக் கீழே விட ஆரம்பித்தார். நிதானமாக. கை மாற்றிக் கை மாற்றி.

குனிந்து, அந்த இருட்டுக்குள் கேட்டார்:

“போதுமா?”

அது அவர் குரல் இல்லை. மீசை முளைக்காத பையனின் குரல்.

மூன்று இழுப்பு.

“இன்னும் வேணுமா?”

விட்டார்.

மூன்று இழுப்பு. வேகமாக.

“இந்தா... இன்னும் தர்றேன்...”

“விடாதீங்க!” நான் கத்தினேன். “மூணு இழுத்தா தூக்கணும்ணே! விடக்கூடாது! தூக்கணும்!”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“தூக்கணுமா?” என்றார்.

வாழ்க்கையில் முதல்முறை கேட்பவர் போல.

அவர் விரல்களுக்கிடையே நீல நூல் சுற்றிய முனை நழுவியது. துளைக்குள் போனது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மழைச் சத்தம் திரும்பி வந்தது. ரெமிஹியோ இரும்புத் தரையில் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் இன்னும் கயிறு விட்டுக்கொண்டிருந்தன.

அன்று யாரும் தொட்டிக்குள் இறங்கவில்லை. நான் மூடியைத் திரும்ப மாட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து சங்கத்துக்குப் போன் செய்தேன். காலையில் துறைமுக ஆள் மீட்டரோடு வந்தார். அதைத் தொட்டியின் வாய்க்குள் இறக்கிய மாத்திரத்தில் அலறியது. திரையைப் பார்த்துவிட்டு, “நேத்து யாராவது இறங்கினாங்களா?” என்றார். இல்லை என்றேன். சிலுவை போட்டுக்கொண்டார். நிபால்டோ ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

நாள் முழுக்க ஃபேன் ஓடியது. ரிப்பேருக்குப் போன ஃபேன் எப்படியோ ஒரே மணி நேரத்தில் வந்துவிட்டது! மீட்டர் அமைதியான பிறகு, புதுக் கயிறு கட்டிக்கொண்டு நிபால்டோ இறங்கினான். முனை என் கையில். ஓர் இழுப்பு. ஓர் இழுப்பு. ஒவ்வொரு பதிலுக்கும் நான் மூச்சு விட்டேன்.

மணல் மூட்டை அங்கேயே இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது.

ஆரஞ்சுக் கயிறு இல்லை. மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துத் தேடினான். அந்தத் தொட்டிக்கு ஒரே வாய்தான். அதன் மேல் விடியும்வரை உட்கார்ந்திருந்தவள் நான்.

ரெமிஹியோ அதன் பிறகு வண்டித்தளத்துக்கு வருவதில்லை.

கேன்டீன் சமையல்காரி எர்மினியா அக்காதான் எல்லோரையும்விட இங்கே பழைய ஆள். ஒரு வாரம் கழித்து என் கைக்கட்டைப் பிரித்து மருந்து போட்டபடி, என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். ரெமிஹியோ குனிந்து கேட்டதைச் சொன்னதும் மருந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“‘போதுமா, இன்னும் வேணுமா’ன்னா கேட்டான்?”

“ஆமாக்கா.”

“அன்னிக்கும் அதேதான் கேட்டான். நான் பக்கத்துல நின்னேன்.”

“என்னிக்கு?”

“உள்ள போனது அவன் அண்ணன், லிசார்டோ. மேல கயித்தப் பிடிச்சவன் இவன். பத்தொன்பது வயசு. கீழேருந்து இழுக்க இழுக்க, அண்ணன் கயிறு கேக்கறான்னு நெனச்சு விட்டுக்கிட்டே இருந்தான். முனைகூட உள்ள போயிடுச்சு. அப்புறம் வெளிய எடுத்தப்போ, லிசார்டோ நெஞ்சு மேல கயிறு குவிஞ்சு கெடந்துச்சு.”

“அவருக்கு யாரும் சொல்லிக்குடுக்கலியா?”

“யாரு குடுப்பா? கயித்தக் குடுத்தாங்க. பிடின்னாங்க. மாரடைப்புன்னு எழுதி முடிச்சுட்டாங்க. பிற்பாடு இவனுக்கு சூப்பர்வைசர் வேலை போட்டுக் குடுத்து வாயையும் அடைச்சுட்டாங்க.”

ரெமிஹியோவை வெறுக்க நினைத்தேன். முடியவில்லை. என் கோபத்துக்கு அன்றுதான் சரியான விலாசம் கிடைத்தது: கம்பெனி.

“அப்போ லிசார்டோ செத்தது நம்ம தொட்டியிலயா?”

“இல்லடி. அது வேற ஃபெர்ரி. அதை எப்பவோ உடைச்சுக் காயலான் கடைக்குப் போட்டாச்சு.”

“பின்ன எப்படிக்கா... இங்க...”

அவள் என் கையில் கட்டைச் சுற்றி முடித்தாள். பிறகு கேட்டாள்.

“நீ எடுத்த கயிறு... முனையில நீலக் கம்பளி நூல் சுத்தியிருந்துச்சா?”

நூலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

“அந்த நூலைச் சுத்தினது நான்தான்” என்றாள். “முனை பிரியுதுன்னு லிசார்டோ கேட்டான். எனக்குப் பின்னிக்கிட்டிருந்த ஸ்வெட்டர்லேர்ந்து அறுத்துக் குடுத்தேன்.”

ஆளைப் புதைத்தார்கள். படகை உடைத்தார்கள். கயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இப்போது கம்பெனி பயிற்சி அறை ஒன்று கட்டியிருக்கிறது. சங்கமும் துறைமுக ஆளும் விடவில்லை. அடுத்த மாதம் தலைநகர் சான்டியாகோவிலிருந்து முதலாளி வந்து ரிப்பன் வெட்டுகிறார். முதல் வகுப்பை நான்தான் எடுக்க வேண்டுமாம். சம்மதித்தேன், வகுப்பு ஃபெர்ரியின் வண்டித்தளத்தில்தான் என்ற நிபந்தனையோடு.

நேற்று வகுப்புக்குக் கயிறு எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. ஆரஞ்சு நிறம். நீல நூல்.

எரித்துவிடலாம் என்றான் நிபால்டோ. வேண்டாம் என்றேன்.

முதல் கேள்வி முதலாளிக்குத்தான். மூன்று முறை இழுத்தால் என்ன அர்த்தம் என்று கேட்பேன். அந்தக் கயிற்றின் நீல முனையை அவர் கையில் கொடுப்பேன். மறுமுனையை அதே தொட்டிக்குள் விடுவேன்.

அந்த முனையில் நான் எதையும் கட்டப்போவதில்லை.