இருபத்து நான்கு டிகிரி

இயக்குநர் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன் இயேசுதாசன் தெர்மாமீட்டரின் குமிழை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பார். அவசரம் கிடையாது, ஆமென் வரைக்கும் முழுசாக. அதற்குள் பத்தொன்பதில் படுத்துக் கிடக்கும் சிவப்புக் கோடு எழுந்து இருபத்து நான்குக்கு வந்துவிடும். ஒருநாள் ஞாபகமறதியாகப் பரலோக மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். அது கொஞ்சம் நீளம். இருபத்தேழுக்குப் போய்விட்டது, மறுபடி ஆறும்வரை வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

பிறகு உள்ளே போய், கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் 24 என்று எழுதுவார். குண்டு குண்டான எழுத்து. பேசாமல் கற்பனையாகவே எழுதிவிட்டுப் போகலாமே என்று கேட்டால் மனிதருக்குக் கோபம் வரும். "பொய் எழுதுனா பாவம்லா. அது என்ன காட்டுதோ அதத்தான் எழுதுறேன்" என்பார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், முதல் வெள்ளிக்கு முதல் வெள்ளி பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். இந்த உள்ளங்கை விஷயத்தைச் சாமியாரிடம் இதுவரை சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு!

வயது ஐம்பத்து நான்கே முக்கால். முப்பது வருஷமாக அந்த அரசாங்க அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். கோப்பி கலக்குவது, கோப்பு தூக்குவது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, எல்லாம் அவர்தான். தெர்மாமீட்டர் வேலை 1989 ஜனவரியில் வந்து சேர்ந்தது. இயக்குநர் துரைசாமி வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்த் திரும்பியதும் எல்லோரையும் கூட்டிவைத்து, எண்ணெயும் நிலக்கரியும் எரிக்கிற புகையால் பூமி சூடாகிக்கொண்டே போகிறது, மின்சாரத்தை மிச்சப்படுத்துவது நம் கடமை என்று ஒரு மணி நேரம் பேசினார். இனி எந்த அறையும் இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அன்று கேட்டுக்கொண்டிருந்த பாதிப் பேர் ஸ்வெட்டரில் இருந்தார்கள்.

புக்கிட் மேராவில் பத்தாவது மாடி வீட்டுக்கு வந்து இயேசுதாசன் மனைவியிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: "பூமிக்குக் காய்ச்சலாம். நான் தெர்மாமீட்டர் பிடிக்கணுமாம்." மேற்கு வெயில் விழுகிற அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. வீட்டில் வேர்வை, ஆபீசில் ஸ்வெட்டர் என்பதுதான் அவருடைய தட்பவெப்பம்.

சங்கடம் என்னவென்றால், ஆபீஸ் இருந்த மாடி முழுவதற்கும் குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்றே ஒன்றுதான், அதுவும் இயக்குநர் அறைச் சுவரில் இருந்தது. துரைசாமி கோட்டும் டையுமாக இருப்பவர். கோட்டைக் கழற்ற மாட்டார், திருகையும் தொட மாட்டார். முதல் வாரம் இயேசுதாசன் வெள்ளந்தியாகப் பத்தொன்பது என்று எழுதினார். துரைசாமி கோபிக்கவே இல்லை. "மிஸ்டர் தாசன், சரியா பிடிச்சுப் பாருங்க" என்றார், அவ்வளவுதான். பழம் தின்று கொட்டை போட்ட ஊழியருக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? பாம்பும் சாகக் கூடாது, தடியும் முறியக் கூடாது; மறுநாளிலிருந்து மாதாவைக் கூப்பிட்டார். எட்டு மாதத்தில் அந்தப் பிரிவுக்குச் சிக்கனக் கேடயம்கூடக் கிடைத்துவிட்டது. அதைத் துடைத்து வைப்பதும் இயேசுதாசன்தான்.

போன வாரம்தான் வினை வந்தது. தட்டச்சு வேலை பார்க்கும் சிவகாமசுந்தரிக்கு ஐந்தாம் மாதம். அவள் நாற்காலிக்கு நேர் மேலே குளிர்காற்று இறங்கும் துவாரம். சால்வை, காலுறை எல்லாம் போட்டும் இருமல் நிற்கவில்லை. திருகைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி இயக்குநரிடம் கேட்கப் போனாள். அவர் எழுந்துபோய் அட்டையை எடுத்துவந்து காட்டினாராம். நாள் தவறாமல் இருபத்து நான்கு. உங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு, டாக்டரைப் பாருங்கள் என்றாராம்.

அவள் நேரே கோப்பி கலக்குகிற அறைக்கு வந்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அங்கிள், நீங்க எழுதுற நம்பர வச்சுத்தான் எனக்குக் குளிரலேன்னு சொல்றாரு."

இயேசுதாசன் அவளுக்கு ஒரு மைலோ கலக்கினார். பாலை இரண்டு தடவை ஊற்றிவிட்டார்.

அவருடைய நிலைமையும் தெரிந்ததுதான். வரும் நவம்பரில் ஐம்பத்தைந்து முடிகிறது, ஓய்வு பெறும் வயது. இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்டு எழுதிய மனு துரைசாமியின் மேசையில் இருந்தது. கடைசி மகள் ஆனி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். அன்று சாயங்காலம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, எட்டு மாதமாகச் சொல்லாததை மனைவி பிலோமினம்மாளிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார்.

"மாதாவும் பிள்ளை சுமந்தவங்க. அவங்களப் போயா இந்த வேலைக்குக் கூப்பிட்டீங்க?"

மறுநாள் காலை இயேசுதாசன் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. தெர்மாமீட்டரை அதன் தலையில் கட்டியிருந்த நூலில் பிடித்தபடி தட்டிவிட்டு உள்ளே போனார். மேசையில் அவருடைய மனு விரித்து வைத்திருந்தது. பேனா மூடி திறந்திருந்தது. "உங்க பேப்பர்தான் தாசன், இப்பப் போட்டுடுறேன்" என்ற துரைசாமி, இயேசுதாசன் அட்டை இருக்கும் பக்கம் போகாமல் நிற்பதைக் கண்டு நிமிர்ந்தார்.

"பத்தொன்பது காட்டுது, சார்."

துரைசாமி சிரித்தார். கையை நீட்டித் தெர்மாமீட்டரை வாங்கினார். குமிழைத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, பழகிய கைபோலச் சும்மா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இப்பப் பாருங்க. இருபத்து நாலு. எழுதிடுங்க."

காட்டியது இருபத்து நான்குதான். இயேசுதாசன் அதைப் பார்த்தார்; விரித்து வைத்திருந்த மனுவையும் பார்த்தார். பிறகு நூலின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, தெர்மாமீட்டரை உடம்பில் படாமல் தள்ளித் தொங்கவிட்டுக்கொண்டு, கோடு இறங்கட்டும் என்று மேசைக்கு முன்னால் அப்படியே நின்றார்.