மலிவு டிக்கெட்டில் ரோம்

முழு விலை கொடுத்து எதையாவது வாங்கினால் அந்த லிப்ட் மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பஸ் கட்டணம் கூடிவிடும் என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிற மகானுபாவர். கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவர் மனைவியும் இருபது வருஷமாகக் கூடவே நடந்தாள்.

கல்யாணமான புதிதில் கூட்டிப்போவதாகச் சொன்ன ரோமுக்கு இப்போதுதான் டிக்கெட் போட்டார். நாலு மாதம் செல்போனைத் தேய்த்துப் பிடித்த டிக்கெட். நேர் விமானத்தில் போகிறவர்களெல்லாம் ஏமாளிகளாம்.

"மூணு தடவை மாறணும், அவ்வளவுதான். பாதி விலை!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். போக நாற்பத்தொரு மணி நேரம். ரோமில் இறங்குவது இரவு பதினொன்றுக்கு, திரும்பக் கிளம்புவது மறுநாள் காலை ஆறுக்கு.

"ஏங்க, விடிஞ்சதும் திரும்பறோமே?"

"அப்படித் திரும்பினாத்தான் இந்த விலை."

"அப்ப ஊரை எப்பங்க பாக்கறது?"

"இறங்கறப்போ மேலேர்ந்து பாத்துக்க. விளக்கெல்லாம் ஜொலிக்கும்."

"ஜன்னலோர சீட்டாவது போட்டீங்களா?"

மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதுக்குத் தனியாக் காசு கேட்டான். நான் என்ன ஏமாளியா?"